நெல்லிக்காய் தின்ற எலியும் வாட்ஸப் மாமாக்களும்

ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களால கெட்டுப்போன விந்தணுவை ஒரு மூலிகை மீட்டுத் தருதுன்னு விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்களாம். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது ஊர்லேர்ந்து இப்படி ஒரு செய்தி வருது. நச்சியல் படிக்கிற பய தானே, உண்மையான்னு சொல்லுன்னு கூடவே ஒரு கேள்வி. தனித்தனியா பதில் சொல்லி மாளலை, பதிவாவே போட்டுடறேன்.

முதல்ல ஒண்ணு. ஆராய்ச்சி பொய் இல்லீங்க. 1956-லயே பாரிசெக், சாஹோர்னு ரெண்டு பேர் எலிக்குக் காட்மியம் உப்பை ஊசியா போட்டு, அதோட விரை அழிஞ்சு போறதைக் காட்டிட்டாங்க. கூடவே துத்தநாகம் கொடுத்தா அந்த அழிவைத் தடுக்கலாம்னு 1957-ல பாரிசெக்கே எழுதினார். இந்த உலோகங்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கிளப்பி விடும். விந்தணுவோட சவ்வு முழுக்க எளிதில் கெடுற கொழுப்பு. தன்னைக் காப்பாத்திக்க உள்ளே சரக்கும் கம்மி. அதனால முதல் அடி அதுக்குத்தான். நெல்லி, பூண்டு, முருங்கை, அமுக்கரா எல்லாம் எலியில அந்த அடியைக் குறைக்கிறதா நிறைய கட்டுரை இருக்கு.

ஆனா எப்படிக் குறைச்சுது? அங்கதான் மேட்டரே. பெரும்பாலான சோதனைகள்ல உலோகம் கொடுக்கும்போதே, இல்லேன்னா அதுக்கு முன்னாடியே, சாறும் கொடுத்துடறாங்க. சில வாரத்துல கணக்கை முடிச்சிடறாங்க. பழைய பேட்டரி உடைக்கிற பட்டறையில இருபது வருஷமா ஈயத்தூசி சுவாசிக்கிற மனுஷனுக்கு இதை அப்படியே பொருத்த முடியுமா? காட்மியம் சிறுநீரகத்துல உக்காந்தா பாதி வெளியேறவே 10 முதல் 30 வருஷம் ஆகும்.

நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரங்க குரங்குல செஞ்ச ஆய்வு ஒண்ணு 2006-ல வந்துச்சு. குரோமியம் கலந்த தண்ணியை ஆறு மாசம் கொடுத்தாங்க, விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் குறைஞ்சுது. கூடவே வைட்டமின் சி கொடுத்த குரங்குகளுக்கு அந்தப் பாதிப்பு வரலை. சபாஷ். அதே கட்டுரையில இன்னொண்ணும் இருக்கு: தண்ணியை நிறுத்தின ஆறு மாசத்துல குரங்குகள் தானாவே தேறிடுச்சு. இந்தப் பாதியை ஒரு மாமாவும் ஃபார்வர்ட் பண்ண மாட்டேங்கிறார்! நிறுத்துறதுக்கு டப்பா போட்டு விலை வைக்க முடியாதே.

இதுல கொடுமை என்னன்னா, மருந்துலயே உலோகம் இருக்கு. இணையத்துல வித்த 193 ஆயுர்வேத மருந்துகளைப் பாஸ்டன்காரங்க சோதிச்சு 2008-ல வெளியிட்டாங்க. ஏறக்குறைய ஐந்தில் ஒண்ணுல ஈயம், பாதரசம், ஆர்சனிக்ல ஏதாவது ஒண்ணாவது இருந்துச்சு. உலோகம் சேர்த்துச் செய்யற ரச மருந்துகளை விடுங்க, மத்த வகையிலயே 17 சதவீதம். ஈயத்துக்குப் பயந்து ஈயத்தையே காசு கொடுத்து வாங்கி முழுங்கறதா? குழந்தைக்காக ஏங்கிட்டு இருக்கிறவன்கிட்ட இதை விக்கிறதை எந்தப் பேரால சொல்றது?

பட்டறை, பெயின்ட், வெல்டிங்னு வேலை பார்க்கிறவரா? ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு பாருங்க. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கேர்ந்து வருதுன்னு தேடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொல்லிடுச்சு. வேலைத்துணியோட வீட்டுக்குள்ள வராதீங்க. சிகரெட்டை விடுங்க, புகையிலைச் செடி மண்ணுல இருக்கிற காட்மியத்தை இழுத்து இலையில சேர்த்து வச்சுக்கும். அதுவும் மூலிகை தான் சாமி!

டிஸ்கி: முருங்கைக்கீரைக்கு நான் எதிரி இல்லை. இங்க உறைய வச்ச பாக்கெட் தான் கிடைக்குது, போன ஞாயித்துக்கிழமை கூட தேங்காய் தூக்கலா போட்டுப் பொரியல் பண்ணினேன்.