பிறந்த வருஷம் என்ன போட்டீங்க?

சண்டே ஸ்கூலில் பத்துக் கட்டளைகளைப் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொடங்கிக் கொடுப்பது, பல கிறிஸ்தவ வீடுகளில் அப்பாவோ அம்மாவோதான். அதற்குக் குறைந்தபட்ச வயது 13. பிள்ளைக்கோ 11. "2005-னு போடு, ஒண்ணும் ஆகாது!" பொய்ச்சாட்சி கூடாது என்பது சி.எஸ்.ஐ. சபையாருக்கு ஒன்பதாவது கட்டளை, கத்தோலிக்கர்களுக்கு எட்டாவது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இடிக்கிறதே!

மனசாட்சி மட்டுமல்ல, பாதுகாப்பும் இதில் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் 2024-ல் அறிமுகப்படுத்திய 'டீன் அக்கவுன்ட்', 18 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கைத் தானாகவே பிரைவேட் ஆக்கிவிடும். முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்புவதையும் தடுக்கும். 16 வயதுக்குக் கீழே என்றால், இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த பெற்றோர் அனுமதி வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை, நாம் கொடுக்கிற பிறந்த தேதி. 20 வயது என்று பதிந்த பிள்ளைக்கு இந்த வேலி கிடைக்காமலே போகலாம்.

பிள்ளைக்கு 13 தாண்டிவிட்டதா? தேதியைத் திருத்துங்கள். தாண்டவில்லை என்றால் கணக்கை நீக்குவதுதான் நேர்மை. அழுகை, கோபம், இரண்டு நாள் மௌனம் எல்லாம் வரும். "அன்னைக்கு நாங்க போடச் சொன்னது பொய்தான்பா" என்று இன்று குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். அந்த அரை மணி நேரம் அப்பாவின் போனும் வேறு அறையில் இருக்கட்டும். வசனம் பார்க்க அச்சுப் பைபிள் போதும். பைபிள் ஆப்பைத் திறக்கும்போதுதான் வாட்ஸ்அப் சரியாக வந்து எட்டிப் பார்க்கும்.