ஜூலை விருந்துக்கு மே மாத வெங்காயம்

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் (பலகையில் குபேர் அங்காடி என்று இருக்கும், யாரும் அப்படிச் சொல்வதில்லை) சின்ன வெங்காயம் வாங்கி, மூட்டையை வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு தேங்காய்த்திட்டு வந்து சேர்ந்தேன். வண்டியை நிறுத்துவதற்குள் எதிர் வீட்டு அக்கா கேட்டுவிட்டார். "என்னப்பா, பிரான்சுலேர்ந்து ஆளுங்க வராங்களா?"

வெங்காய மூட்டையைப் பார்த்தே பாரிஸ் உறவினர் வருகையைக் கண்டுபிடிப்பது எங்கள் பக்கத்தில் பெரிய துப்பறியும் வேலை இல்லை. அந்த மூட்டையைப் பற்றித் தான் இன்று எழுதப் போகிறேன். வெளிநாட்டு உறவினர்களை உபசரிப்பதில் நாம் எல்லோரும் செய்யும் ஒரு தப்பு அதற்குள் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஆனால் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல் தான். அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வழி இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், அரசு வேலையில் இருந்தவர்கள் என்று பல பேர் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தாத்தாவின் அண்ணன் அப்படி ஒரு 'சொல்தா'. சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை தான் இது, புதுச்சேரித் தமிழில் பென்ஷன் வாங்கும் எல்லாருக்கும் அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. அண்ணன் கையெழுத்து போட்டார், தம்பி போடவில்லை. அதனால் அவர் பிள்ளைகள் பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில், நாங்கள் தேங்காய்த்திட்டில்.

அங்கே பள்ளிக்கூட லீவு ஜூலை முதல் வாரம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரைக்கும். ஆகவே அத்தை குடும்பம் வருவது எப்போதும் ஜூலையில். ஜூலை 14 கடற்கரைக் கொண்டாட்டம் பார்த்து, ஆடியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீராம்பட்டினம் தேர் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள்.

விருந்து ஜூலையில். ஆனால் எங்கள் வீட்டில் வேலை ஆரம்பிப்பது மே மாதம், கத்திரி வெயிலில். ஏனென்றால் அவர்கள் வரும்போது சாப்பிடவும், போகும்போது பெட்டியில் போடவும் வேண்டியது வடவம்.

சில வீடுகளில் வடகம், தாளிப்பு வடகம் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் வடவம். சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். பூண்டும் அப்படியே. அதோடு உடைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் கலந்து ஒரு ராத்திரி வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். காலையில் அதைப் பிழிந்து உருண்டை பிடித்து மாடியில் காய வைக்கணும். சாயங்காலம் உருண்டைகளை உதிர்த்து மறுபடியும் அந்தத் தண்ணீரிலேயே போடணும். அடுத்த நாள் மறுபடி பிழிந்து, உருட்டி, வெயில். தண்ணீர் முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளும் வரைக்கும் இது தான். கடைசியில் விளக்கெண்ணெய் தடவி, இன்னும் இரண்டு மூன்று வெயில் காட்டி ஜாடியில் போட்டால் ஒரு வருடத்துக்குக் கெடாது. 10 கிலோ வெங்காயம் உரித்தால் கடைசியில் கையில் நிற்பது சுமார் மூன்று கிலோ வடவம். மிச்சமெல்லாம் வெயிலுக்கும் அம்மாவின் தோள்பட்டைக்கும் போய்விடும்.

மீன் குழம்பில் ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி எண்ணெயில் போட்டுப் பாருங்கள், தெருமுனை வரைக்கும் வாசம் வரும். இப்போது மீன்பிடித் தடைக்காலம் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்), எங்கள் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. அத்தை வருவதற்குள் படகு போய் வந்துவிடும், வடவமும் தயாராகிவிடும். பாருங்கள், கடல் கூட அவர்களுக்காக டைம்டேபிள் போட்டு வைத்திருக்கிறது :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அத்தை கிளம்புவதற்கு முந்தின ராத்திரி. கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. கொக்கியில் மாட்டும் தராசில் மாமா ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்க்கிறார். 23 கிலோ தான் கணக்கு, ஒரு பெட்டி 25 காட்டியது. எதையாவது எடுக்கணும். பட்டுப்புடவையை எடுக்க முடியாது, பையன் வாங்கிய கிரிக்கெட் பேட்டை எடுத்தால் அவன் அழுவான். அத்தை வடவம் இருந்த இரண்டு கிலோ பொட்டலத்தை வெளியே வைத்தார். "இதெல்லாம் லா சப்பல் கடையிலேயே கெடைக்குதும்மா, பரவால்ல. நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

அம்மா சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன அண்ணி, இங்க ஆவும்" என்று சொல்லிப் பொட்டலத்தை உள்ளே கொண்டு போனார். அந்த மே மாதம் முழுக்க அம்மாவுக்கு வலது தோள் தூக்க முடியாமல் இருந்தது. டாக்டர் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார். விருந்தாளிகள் போகும் வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

எனக்கு அத்தை மேல் பயங்கர கோபம். வகுப்பில் இரண்டு பேரிடம் புலம்பியது கூட ஞாபகம் இருக்கிறது. (அந்த இருவரும் இதைப் படிப்பார்கள், வணக்கம்.)

பிறகு யோசித்துப் பார்த்தேன். அத்தை செய்தது தப்பா? அவர் வடவம் கேட்கவே இல்லை. எவ்வளவு வேலை என்று யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. அவர் வரும்போது ஜாடி நிரம்பி இருக்கும், வெங்காயத் தோல் ஒன்று கூடக் கண்ணில் படாது. ஆயாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பியவர் இதே அத்தை. ஆக, அவருக்கு மனசு இல்லை என்று சொல்ல மாட்டேன். விஷயம் தெரியாது, அவ்வளவு தான். தெரியாமல் பார்த்துக்கொண்டது நாங்கள்.

நாம் செய்யும் தப்பு என்று சொன்னேனே, அது இது தான். உபசரிப்பின் வேலையை மறைத்து வைப்பதைப் பெரிய பண்பாடு என்று நினைக்கிறோம். விருந்தாளி தட்டை மட்டும் பார்க்கணும், அடுப்படியைப் பார்க்கக்கூடாது. இதன் விளைவு, இரண்டு மாத வேலை இரண்டு கிலோ எடையாக மட்டும் தெரிகிறது.

அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பது இன்னொரு விஷயம். 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று வந்தது. அந்த வேலை செய்கிறவர்களுக்குள் எடுத்த சராசரி இது. மே மாதத்தில் எங்கள் மாடியில் எடுத்திருந்தால் என் பங்கு மூட்டை தூக்கிய பத்து நிமிடம். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம், அது இல்லறவியலில் வருகிறது. இல்லறம் என்றால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் தானே? வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் என்று யார் மாற்றினது?

"அம்மாவுக்கு அதில் தான் சந்தோஷம், நீ ஏன் குறுக்கே நிக்கறே?" என்று கேட்கலாம். அப்பா அப்படித் தான் கேட்டார். உண்மை தான், அம்மாவுக்கு சந்தோஷம் இருக்கிறது. தோள் வலியும் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை இல்லை என்று ஆக்க முடியாது.

"கடையில் வாங்கிக் கொடுத்தால் போச்சு" என்று சொல்வது சுலபம். ஊறுகாய், அப்பளத்துக்கு நானும் அதைத் தான் சொல்வேன். வீட்டிலிருந்து அனுப்பக்கூடியதும் முன்பு மாதிரி இல்லை. ஐரோப்பாவுக்குள் பயணிகள் பெட்டியில் இறைச்சியும் பாலும் கொண்டு போகக்கூடாது, ஆகவே நெய்யும் பால்கோவாவும் கிடையாது. 2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய், பழம், இலை எல்லாவற்றுக்கும் தாவரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆக மாம்பழமும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. (கருவாட்டுக்கு 20 கிலோ வரை சட்டத்தில் இடம் இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் மனசில் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

வடவத்தைக் கடையில் விட முடியாததற்குக் காரணம் வேறு. அது ஏற்கெனவே கடைக்குப் போய்விட்டது! பிரெஞ்சு சமையலில் 'வாடுவான்' என்று ஒரு மசாலா இருக்கிறது. நம்ம வடவம் தான், பிரெஞ்சு வாயில் அப்படி ஆகிவிட்டது. புதுச்சேரி வழியாகப் போனது. 2000-களின் கடைசியில் அமெரிக்கச் சமையல்காரர்கள் வரைக்கும் அது புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பிரபலமானது. சின்னச் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள்.

போன வருடம் அத்தை மகள் (17 வயது, தமிழ் புரியும், பேச வெட்கம்) மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "இது வாடுவான் தானே? எங்க வீட்டுல பாட்டில் இருக்கு. ஆனா இந்த வாசம் வராது. ஏன்?"

ஆயா உடனே, "நாளைக்கு மாடிக்கு வா, சொல்றேன்" என்றார்.

ஜூலையில் வடவம் போடுவதா என்று அம்மாவுக்குப் பயம், சாயங்கால மழை வந்து கெடுத்துவிடும் என்று. ஆயா கேட்கவில்லை. இரண்டே கிலோ வெங்காயம். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து உரித்தோம், மாமா உட்பட. (எல்லாரும் அழுதோம். குடும்பப் பாசம் இல்லை, வெங்காயம்.) மூன்றாம் நாள் மழை வரத்தான் செய்தது. அத்தையும் மகளும் மாடிக்கு ஓடி, வேட்டியோடு சுருட்டித் தூக்கி வந்து மின்விசிறிக்குக் கீழே பரப்பினார்கள். ஒரு வாரத்தில் முடிய வேண்டியது பத்து நாள் ஆயிற்று. கொஞ்சம் கருத்துப் போனது. ஆனாலும் வடவம் தான்.

அன்று ராத்திரி அத்தை விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னார், "எங்கம்மா செய்யறப்போ நான் சின்னப் பொண்ணு. பக்கத்துலயே இருந்தேன், கவனிச்சதே இல்ல. இவ்ளோ வேலையா?" அதற்கு முந்தின வருடம் வெளியே எடுத்து வைத்த பொட்டலத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. ஆனால் இந்த முறை அந்தக் கருத்த வடவம் பெட்டியில் போகவில்லை. மகள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். ஆயாவுக்கு 84 வயது. எத்தனை வெயிலுக்குப் பிறகு விளக்கெண்ணெய் தடவணும் என்பது அவர் விரலுக்குத் தான் தெரியும், அளவு எதுவும் எழுதி வைக்கவில்லை. நாம் வேலையை மறைத்தால் வலி மட்டும் மறைவதில்லை, கைப்பழக்கமும் சேர்ந்து மறைந்துவிடும். பாட்டில் மட்டும் மிச்சம் இருக்கும்.

ஆகவே என் கட்சி இது. வெளிநாட்டு உறவினர் வந்தால் முதல் இரண்டு நாள் உட்கார வைத்து சோறு போடுங்கள், பயணக் களைப்பு இருக்கும். மூன்றாம் நாள் கையில் வெங்காயத்தைக் கொடுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. 'நீயும் இந்த வீட்டு ஆள் தான்' என்று சொல்வதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. செய்து கொடுப்பது எவ்வளவு நேரம் பிடித்தது என்று வாய் திறந்து சொல்லுங்கள், அது கணக்குப் பார்ப்பது ஆகாது. என்னைப் போன்ற மகன்களுக்கு ஒன்று: மூட்டை தூக்குவது உதவி இல்லை, கூரியர்.

இந்த வருடம் 10 கிலோவுக்குப் பதில் ஐந்து தான் வாங்கினேன். உரித்தது நானும் அப்பாவும். மிச்ச ஐந்து கிலோ ஜூலையில். அத்தைக்குப் போன் போட்டு அம்மாவே சொல்லிவிட்டார், "அண்ணி, பாதி வேலைய உங்களுக்கு வெச்சிருக்கேன்." சொல்லும்போது கொஞ்சம் குரல் இறங்கியது. அந்தப் பக்கமிருந்து சிரிப்பு. "வைம்மா, வைம்மா. இந்தத் தடவ கண்ணாடி போட்டுக்கிட்டு உரிக்கிறேன்."

சரி, மணி நாலாகிறது. உருண்டையை உதிர்த்துத் தண்ணீரில் போடணும், இன்று என் முறை. காக்கா வேறு மதிலில் உட்கார்ந்து பார்க்கிறது. வரட்டுமா?