லோடு வண்டியில வந்த சொந்தக்காரங்க

சென்னையில இருக்கற சித்தப்பா மகன் ஊருக்கு வந்திருந்தான். வாசல்ல நின்ன வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "ஏண்ணா, இந்தக் காசுக்கு நல்ல கார் ஒண்ணே வாங்கியிருக்கலாமே"ன்னான். சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தாரு. அவரும் ஒரு சுத்து சுத்தினாரு. "ஏனுங்க மாப்ள, இந்தக் காசுக்கு சிங்கிள் கேபின் எடுத்திருந்தா ஒன்றரை டன் அடிச்சிருக்கலாமே"ன்னாரு.

ஒருத்தனுக்கு இது கார் இல்லையேன்னு வருத்தம். இன்னொருத்தருக்கு இது லாரி இல்லையேன்னு வருத்தம். நாலு நாளா ரெண்டு பேருக்கும் மனசுக்குள்ளயே பதில் சொல்லிட்டு இருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பதில் சுலபம், அவரு வீட்டுலயும் இதே பாடுதான். சித்தப்பா மகனுக்கும் அவனை மாதிரி டவுன்ல இருக்கற உங்களுக்கும்தான் கொஞ்சம் நீளமாச் சொல்ல வேண்டியிருக்கு.

வாங்கினது 2016 மாடல் பொலேரோ கேம்ப்பர், டபுள் கேபின். நாலு கதவு, டிரைவரோட சேத்து அஞ்சு சீட்டு, பின்னாடி திறந்த பாடி. சுமார் ஒரு டன் ஏத்தலாம். நாலே கால் லட்சம் குடுத்தேன். புதுசு எடுத்தா ரோட்டுக்கு வர்றப்ப பத்து லட்சத்தைத் தாண்டிடும்.

எங்க தோட்டம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போற தூரத்துல இருக்கு. ஆறு ஏக்கர். முருங்கை, தக்காளி, கொஞ்சம் சோளத்தட்டு. வீட்டுல அம்மா, நான், வீட்டுக்காரி, ரெண்டு பசங்க. இதுவரைக்கும் இருந்த வாகனம் ஒரு எக்ஸெல்லும் ஒரு பைக்கும்தான். காய் போகணும்னா லோடு ஆட்டோக்காரருக்குப் போன். அவருக்கு அன்னைக்கு வேற தோட்டத்துல லோடு இருந்தா நம்ம தக்காளி ஒரு நாள் கூடப் பழுக்கும். ஒரு நாள் பழுத்த தக்காளிக்கு மண்டியில என்ன மரியாதைன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க கடையில அமுக்கிப் பாத்து ஒதுக்கி வைக்கறீங்களே, அதேதான். அங்க பெட்டி பெட்டியா ஒதுக்குவாங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அம்மா மாட்டுச்சாளையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சு. விழுந்த அன்னைக்கு 108 வந்துச்சு, நல்லபடியா கொண்டு போய்ச் சேத்தாங்க. அதுக்கப்புறம்தான் சிக்கலே. தையல் பிரிக்க, எக்ஸ்ரே பாக்க, பிசியோதெரபிக்குன்னு எத்தனை தடவை கோயமுத்தூர் போனோம்னு கணக்கில்ல. அதுக்கெல்லாம் 108 வராது. பஸ்ல ஏத்த முடியாது, பைக்ல உக்கார வைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார்தான்.

போன வருசம் டைரியில குறிச்சு வெச்சிருந்ததைக் கூட்டிப் பாத்தேன். காய்க்கு லோடு வாடகை 71,000 ரூபா. ஆஸ்பத்திரி, விசேசம், பசங்க ஸ்கூல்னு வாடகைக் கார் 38,000. கூட்டினா ஒரு லட்சத்து ஒன்பதாயிரம். ஒருத்தன் வண்டிக்கும் இன்னொருத்தன் காருக்கும் இத்தனை குடுத்துட்டு நடந்துட்டு இருந்த குடும்பம் நாங்க. இதுல எங்க இருந்து வந்துச்சு ஆடம்பரம்?

கார் தனியா, லோடு வண்டி தனியான்னு ரெண்டு வாங்கற வருமானம் ஆறு ஏக்கர்ல வராது. வந்தாலும் வாங்க மாட்டேன். எங்க பொழப்புல ரெண்டும் தனித்தனியா நடக்கறதே இல்ல. காலையில அஞ்சு மணிக்கு 14 கிலோ தக்காளிப் பெட்டி அறுபது ஏத்திட்டு மார்க்கெட்டுக்குப் போனா, பக்கத்து சீட்டுல வீட்டுக்காரி வருவா. பில் பாக்கறது அவதான், நான் கணக்குல ஏமாளி. திரும்பி வர்றப்ப பின்னாடி காலிப் பெட்டி, ரெண்டு மூட்டை புண்ணாக்கு, மளிகைச் சாமான், ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்த பசங்க. குலசாமி கோயிலுக்குப் போனா கிடா ரெண்டு, விறகு, அண்டா, அரிசி மூட்டை, கூடவே நாங்க அஞ்சு பேர். இதுல எது சரக்கு, எது குடும்பம்? பிரிச்சுச் சொல்லுங்க பாக்கலாம்.

ஆனா சட்டம் பிரிக்குது. டபுள் கேபின் ஆனாலும் என் வண்டி ஆர்.சி. புக்குல சரக்கு வண்டிதான். மஞ்சள் போர்டு. எட்டு வருசம் தாண்டிட்டதால வருசா வருசம் எஃப்.சி. எடுக்கணும். அது பரவாயில்லீங்க, வண்டி நல்லா இருக்கான்னு வருசத்துக்கு ஒரு தடவை பாக்கறது நல்லதுதான். மொத்த எடை மூணு டன்னுக்குள்ள இருக்கறதால பர்மிட் தொல்லை இல்ல. சாதாரண கார் லைசென்ஸ் வெச்சிருக்கறவங்களே 7,500 கிலோ வரைக்கும் உள்ள இந்த மாதிரி வண்டிய ஓட்டலாம்னு உச்ச நீதிமன்றம் 2017-லயும், அதையே உறுதி பண்ணி 2024 நவம்பர்லயும் சொல்லிருச்சு. அதனால வீட்டுக்காரியும் ஓட்டறா.

இடிக்கறது வேற இடத்துல. சரக்கு வண்டியில சும்மா கூட வர்ற ஆளுங்களுக்கு விபத்து நடந்தா, சாதாரண பாலிசியில இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு இல்லைன்னு 2002-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. சரக்கோட சொந்தக்காரர், இல்ல அவரோட ஆள் கூட வந்தா அது வேற. தக்காளி ஏத்திட்டுப் போறப்ப கூட வர்ற வீட்டுக்காரிய சரக்குக்குச் சொந்தக்காரின்னு சொல்லிக்கலாம். பின் சீட்டுல எக்ஸ்ரே கவரை மடியில வெச்சுட்டு வர்ற எங்க அம்மாவை என்னன்னு சொல்றது?

இந்தத் தீர்ப்பு ஏன் வந்துச்சுன்னு எனக்குப் புரியாம இல்ல. திறந்த பாடியில ஆடு மாடு மாதிரி ஆளை அடைச்சுட்டுப் போறதைத் தடுக்கணும். நானும் அந்தப் பாவம் செஞ்சவன்தான். பத்து வருசத்துக்கு முன்னாடி ஒரு காதுகுத்துக்கு குட்டியானையில பதினெட்டுப் பேரை நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். ஒரு வளைவுல எதிர்ல பஸ் வந்து, நான் பிரேக் அடிச்சு, பின்னாடி இருந்து கிளம்பின அலறல் இன்னைக்கும் காதுல இருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னையில இருந்து பாடியில ஒரு ஆளைக்கூட ஏத்தினதில்ல, கூலிக்கு வர்றவங்களை உட்பட. அதனாலதானே டபுள் கேபின் தேடினேன்? கூரை இருக்கு, கதவு இருக்கு, அஞ்சு சீட்டுன்னு ஆர்.சி.யிலயே போட்டிருக்கு. அந்த சீட்டுல குடும்பத்தை உக்கார வெச்சாலும் சட்டத்துக்கு நாங்க சரக்கோட ஒட்டிட்டு வந்தவங்கதான்.

இப்ப இதையும் பாருங்க. முன்னாடி அஞ்சு சீட்டு, பின்னாடி திறந்த பாடி, அதே வடிவத்துல இசுசு வி-கிராஸ் இருக்கு. 2022-ல டொயோட்டா ஹைலக்ஸ் வந்துச்சு, வந்தப்பவே ஷோரூம் விலை 33,99,000-ல ஆரம்பம். அதெல்லாம் வெள்ளை போர்டு, சொந்த உபயோக வண்டி. அதுல பின்னாடி டென்ட்டும் சைக்கிளும் ஏத்தினா அது வாழ்க்கை முறையாம். என் வண்டியில புண்ணாக்கு மூட்டை ஏத்தினா அது சரக்கு. முப்பது லட்சம் குடுத்தவன் பொண்டாட்டி புள்ளையோட போறான், நாலு லட்சம் குடுத்தவன் சரக்கோட போறான்.

டவுன்ல ஓடற எஸ்.யூ.வி.யைப் பத்தியும் ஒரு வார்த்தை. விளம்பரத்துல அது ஆத்தைத் தாண்டுது, மலை ஏறுது. நெசத்துல அது ஏறுற ஒரே மேடு மால் பார்க்கிங்கோட சாய்தளம். ஒரு ஆள் உக்காந்து ஆபீஸ் போய்ட்டு வர்றாரு. நான் குறை சொல்லலீங்க, அவங்க காசு, அவங்க வண்டி. ஆனா அந்த வண்டிக்காரரு எங்க வண்டியப் பாத்து "விவசாயிக்கு எதுக்கு ஏசி"ன்னு கேக்கறப்பதான் வயிறு எரியுது. இதுல இருக்கறதும் பேருக்கு ஒரு ஏசி. சித்திரை வெயில்ல முன் சீட்டுக்கே பத்தாது.

வாங்கின கதையும் சொல்லிடறேன், நாளைக்கு உங்க சொந்தக்காரர் யாராவது வாங்கப் போனா உதவும். மொத்தம் ஒன்பது வண்டி பாத்தேன். ஒண்ணு பாக்கறதுக்குப் புது வண்டி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. கீழ படுத்துப் பாத்தா பாடிக்கு அடியில சேசிஸ் எல்லாம் பொரிஞ்சு கெடக்கு. மீன் ஏத்தின வண்டி. ஐஸும் உப்புத்தண்ணியும் இறங்கி இறங்கித் தின்னிருக்கு. மேல பெயின்ட் அடிச்சாலும் கதவைத் திறந்தா வாசம் காட்டிக் குடுத்துரும். இன்னொண்ணுல பின்னாடி ஸ்பிரிங் பட்டை கூட ரெண்டு சேத்திருந்தாங்க. ஒரு டன் வண்டியில ரெண்டு டன் அடிச்சவங்கதான் அப்படிச் சேப்பாங்க. மூணாவது ஒருத்தர் நாங்க போறதுக்கு முன்னாடியே எஞ்சினைச் சூடு பண்ணி வெச்சிருந்தாரு. பானெட்டைத் தொட்டுப் பாத்துட்டு டீ மட்டும் குடிச்சுட்டு வந்துட்டேன். டீசல் வண்டிய விடியக்காலம் பச்சையா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும், அப்பதான் அதோட குணம் தெரியும்.

கடைசியில கெடைச்சது காத்தாடிக் கம்பெனி வேலைக்கு ஓடின வண்டி. தாராபுரம், உடுமலைப் பக்கம் வந்திருந்தீங்கன்னா பாத்திருப்பீங்க, காத்தாலைக்கு ரிப்பேர் பாக்கற ஆளுங்க இந்த மாதிரி டபுள் கேபின்லதான் சுத்துவாங்க. கிலோமீட்டர் ரெண்டு லட்சத்துக்கு மேல. ஆனா ஏத்தினது நாலு ஆளும் ஸ்பேனர் பெட்டியும்தான். சர்வீஸ் பில் எல்லாம் ஃபைல்ல இருந்துச்சு. அரை லட்சம் ஓடி ரெண்டு டன் சுமந்த வண்டிய விட இது மேல்னு எங்க மெக்கானிக் சொன்னாரு. கிளட்ச் மட்டும் மாத்தினேன்.

காகிதத்துல கோட்டை விட்டுறாதீங்க. பழைய ஃபைனான்ஸ் பாக்கி முடிஞ்சிருந்தாலும் ஆர்.சி.யில அடமானம் அப்படியே இருக்கும். ஃபைனான்ஸ்காரர் கிட்ட தடையில்லாச் சான்றும், கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35-ம் வாங்கின பிறகுதான் முழுப் பணம் குடுக்கணும். பேர் மாத்த ஃபார்ம் 29, 30. பதினாலு நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கணும். அப்பவே, கட்டணம் தராம கூட வர்ற ஆளுங்களுக்குன்னு கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில ஒரு வரி சேக்கச் சொல்லிக் கேளுங்க. ஏஜென்ட் தானா சொல்ல மாட்டாரு. எங்களுக்கும் சொல்லல. நானா கேட்டு நாலு பேருக்குக் கட்டினேன், ஆன செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு கூட இல்ல. இதைக் கட்டாமயே எத்தனை டபுள் கேபின்ல குழந்தைங்க பள்ளிக்கூடம் போகுதோ.

வண்டியில குறை இல்லாம இல்ல. ஏர்பேக் கிடையாது. பின் சீட்டுக்கு பெல்ட் இல்லாம இருந்துச்சு, காசு செலவு பண்ணிப் போட்டேன். எழுபதுக்கு மேல ஓட்டறதில்ல. அந்தப் பாதுகாப்பெல்லாம் எங்களுக்கும் வேணும், ஆனா எங்க கைக்கு எட்டின விலையில கெடைச்ச டபுள் கேபின்ல அது இல்ல.

நான் கேக்கறது பெரிய விசயம் இல்ல. மூணு டன்னுக்குள்ள, அஞ்சு சீட்டுள்ள டபுள் கேபின, வாடகைக்கு விடாம தன் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் வெச்சுக்கற விவசாயி கேட்டா, சொந்த வண்டியாப் பதிஞ்சு குடுங்க. அதுக்கான வரிய வாங்கிக்குங்க, வாடகைக்கு ஓட்டறது தெரிஞ்சா அபராதமும் போடுங்க. முன்னாடி உக்காந்து வர்றவங்களை மட்டும் ஆளுங்கன்னு எழுதிக்குங்க.

போன மாசம் திருப்பூர்ல ஒரு கல்யாணம். பெரிய மண்டபம். நாங்க அஞ்சு பேரும் பட்டும் வேட்டியுமா வண்டியில போறோம். கேட்டுல நின்ன பையன் போர்டைப் பாத்துட்டு, முன்னாடி கார் மட்டும்தான், லோடு வண்டி எல்லாம் பின்னாடி சமையல்கட்டு வாசலுக்குப் போங்கன்னுட்டான். "சீர் கொண்டு வந்திருக்கோம் தம்பி, தாய்மாமன் வீடு"ன்னு சொன்னேன். அவனுக்குச் சொல்லி வெச்சிருக்கறதைத்தான் அவன் சொல்றான், திட்டி என்ன பண்ண. பின்பக்கம் போய் நிறுத்தினேன். அண்டா கழுவற தண்ணிக்கு நடுவுல அம்மா கைத்தடிய ஊனிக்கிட்டு நடந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. முன்பக்கம் வந்தப்புறம் வரிசையா நின்ன கார்களைப் பாத்து, "இதுல எத்தனைங்கடா வாழைத்தார் ஏத்தும்?"னு கேட்டாங்க. சின்னவன் அதுக்கு அப்படிச் சிரிச்சான்.

திரும்பி வர்றப்ப வண்டி வெறும் பாடி. வெறும் பாடியா ஓட்டினா பின்பக்கம் துள்ளும், அம்மா இடுப்புக்கு ஆகாது. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்கோம். பின் ஆக்சிலுக்கு மேல நாலஞ்சு மூட்டை கிடந்தா ஸ்பிரிங் அமுங்கி, கார் மாதிரி மெத்துன்னு போகும். வழியில ஒரு கடையில நிறுத்தி, எப்படியும் அடுத்த வாரம் வாங்க வேண்டிய அஞ்சு மூட்டை உரத்தை ஏத்தினேன். தாராபுரம் தாண்டறதுக்குள்ள அம்மா தூங்கிட்டாங்க.