கோயம்புத்தூரைக் காணோம்!

கோயம்புத்தூரில் ஒரு மனிதர் ஒரு மெஷின் செய்தார். அதைச் சினிமாவாக எடுத்தார்கள். சினிமாவில் மெஷின் இருக்கிறது. மனிதரும் ஒரு மாதிரியாக இருக்கிறார். கோயம்புத்தூரைத்தான் காணோம்!

2018 பிப்ரவரியில் வந்த 'பேட்மேன்' என்ற இந்திப் படத்தைச் சொல்கிறேன். அருணாசலம் முருகானந்தத்தின் கதை. கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அப்பா விபத்தில் போய்ச் சேர, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, வெல்டிங், பட்டறை வேலை என்று பிழைத்தவர். கல்யாணமான புதிதில், மனைவி மாதவிலக்கு நாட்களில் கந்தல் துணியைப் பயன்படுத்துவதைப் பார்த்தார். கடையில் விற்கிற நாப்கினுக்கு ஏன் இந்த விலை என்று கேட்டார். பஞ்சுதானே என்று ஆரம்பித்தவருக்கு, அது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழ் என்று தெரியவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் உடம்பிலேயே சோதனை செய்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. மனைவி பிரிந்து போனார். அம்மாவும் போனார்.

படத்தில் இவர் லட்சுமிகாந்த் சௌகான். ஊர், மத்தியப் பிரதேசத்து மகேஷ்வர். நிஜத்தில் இவர் மெஷினுக்கு வெளிச்சம் போட்டது சென்னை ஐ.ஐ.டி. படத்தில் அதுவும் டெல்லி ஐ.ஐ.டி. ஆகிவிட்டது. இத்தனைக்கும் இயக்குநர் பால்கி ஒரு தமிழர். போதாததற்கு, மனைவி போன இடத்தை நிரப்பப் படித்த, அழகான, டெல்லிப் பெண் ஒருத்தி. சோனம் கபூர். நிஜக் கதையில் அப்படி ஒரு பெண்ணே கிடையாது.

'முறையாக அனுமதி வாங்கித்தானே எடுத்தார்கள், உமக்கு ஏன் வலிக்கிறது?' என்பீர்கள். சரிதான். அந்தப் படம் ஒரு நல்ல காரியமும் செய்தது. அப்பாவும் மகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, நாப்கின் என்ற வார்த்தையைக் காது கூசாமல் கேட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் நாப்கின் மேல் இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுத்தார்கள். படம் மட்டுமே காரணம் இல்லை. ஆனால், அந்தப் பேச்சைப் பெரிதாக்கியதில் அதற்கும் பங்கு உண்டு. முருகானந்தம் தன் மெஷின்களை ஆரம்பத்தில் நிறையக் கொண்டுபோனதும் பீகார், மத்தியப் பிரதேசம் மாதிரியான மாநிலங்களுக்குத்தான். ஆனால், விற்ற ஊர் வேறு. விளைந்த ஊர் வேறு.

இத்தோடு நிறுத்தினால் இது வழக்கமான வடக்கு, தெற்கு ஒப்பாரி ஆகிவிடும். நம்ம கைக்கு வருவோம்.

2020-ல் 'சூரரைப் போற்று' வந்தது. குறைந்த விலையில் விமானம் விட்ட கேப்டன் கோபிநாத்தின் கதை. அவர் கர்நாடகா, ஹாசன் மாவட்டம், கோரூர்க்காரர். படத்தில் அவர் யார்? நெடுமாறன் ராஜாங்கம். ஊர் சோழவந்தான்! எங்கள் வில்லாபுரத்து டீக்கடையில் "மாறா நம்ம மதுரக்காரன்டா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். கோரூரைக் காணோமே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. 2024-ல் அதே படம் இந்தியில் 'சர்ஃபிரா' ஆனது. சோழவந்தான் போய் மகாராஷ்டிரா வந்தது. நடித்தது யார்? அதே அக்‌ஷய் குமார்! ஆக, இதில் எவரும் யோக்கியர் இல்லை. அவன் நம்ம ஊரை அழித்தான். நாம் இன்னொருத்தன் ஊரை அழித்தோம்.

சரி, ஊர் மாறினால் என்ன நஷ்டம்?

நான் படித்தது பி.காம். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அடக்க விலைதான் முதலில் கண்ணில் படும். முருகானந்தத்தின் மெஷினில் பாருங்கள். வெளிநாட்டு மெஷின் மூன்றரைக் கோடி ரூபாய். இவர் செய்தது சுமார் 65,000 ரூபாய். எப்படி முடிந்தது? வேலையை எளிய கட்டங்களாகப் பிரித்தார். மரக்கூழை மிக்ஸி மாதிரி அரைத்துப் பஞ்சாக்குவது ஒன்று. அச்சில் அழுத்துவது ஒன்று. மேல்துணி சுற்றி ஒட்டுவது ஒன்று. புற ஊதா விளக்கில் கிருமி நீக்குவது ஒன்று. எதற்கும் ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை.

கோயம்புத்தூரில் அது நடந்தது தற்செயல் இல்லை. 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் மின் மோட்டார் செய்த ஊர் அது. மில், பம்ப்செட், வெட் கிரைண்டர் என்று வளர்ந்த ஊர். தெருவுக்குத் தெரு லேத்து, ஃபவுண்டரி. பத்தாவது தாண்டாத ஒருவன் மனசில் இருப்பதைச் சாக்பீஸில் தரையில் வரைந்து காட்டினால், கடைந்து கொடுக்க ஒரு கை அங்கே உண்டு. அந்த ஊரைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? ஒரு ஹீரோ, ஒரு பாட்டு, ஒரு அதிசயம்.

அங்கேதான் எனக்குக் கோபம். அதிசயத்தைப் பார்த்துக் கைதட்டலாம். ஆனால், அதைக் கற்றுக்கொள்ள முடியாது. பட்டறையைக் கற்றுக்கொள்ளலாம். பாலிடெக்னிக் படிக்கிற பையன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 'நமக்கெல்லாம் அந்த ராசி கிடையாது' என்று வீட்டுக்குப் போகிறான். அவனுக்குத் தேவை ராசி இல்லை. பக்கத்தில் ஒரு லேத்து, கொஞ்சம் கடன், இரண்டு வருஷம் தோற்பதற்குப் பொறுமை. இதைச் சொல்லாத படம் கண்டுபிடிப்பாளரைப் பற்றிய படமே இல்லை. அது இன்னொரு ஹீரோ படம். வில்லனுக்குப் பதில் மெஷின், அவ்வளவுதான்.

மதுரைக்காரர்களுக்கு ஒரு கேள்வி. மாறாவுக்குக் காலரைத் தூக்கினீர்களே, வாசுதேவனைத் தெரியுமா? நம்ம திருப்பரங்குன்றம் தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் குப்பையைத் தூவினால் அது உருகிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் தாரைக் கலந்தால் ரோடு உறுதியாகும் என்று காட்டியவர். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். 'பேட்மேன்' வந்த அதே வருஷம்! அவருக்கு ஒரு கட்அவுட் பார்த்தீர்களா? கல்லூரி லேபில் கரண்டியும் ஜல்லியுமாக நின்றவரை வைத்து எப்படி சார் இன்டர்வெல் பிளாக் வைப்பது?

மாதவன் ஜி.டி.நாயுடுவாக நடிக்கும் படத்துக்கு அறிவிப்பு வந்தது. படப்பிடிப்பைக் கோவையிலும் நடத்தினார்கள். முதல் சபாஷ். ஆனால், ஊரைப் பின்னணிக்குக் காட்டினால் மட்டும் போதாது. நாயுடு ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் ஆரம்பித்தவர். ரேசர் செய்தவர். தொழிற்கல்விக்குக் கல்லூரி எழும்பக் காரணமாக இருந்தவர். அவரோடு எண்ணெய்க் கையாக நின்ற மெக்கானிக்குகள் எத்தனை பேர்! இனி கண்டுபிடிப்பாளர் படம் எடுக்கிற எவரிடமும் நான் கேட்பது இதுதான். ஹீரோவுக்கு ஸ்லோமோஷன் வையுங்கள், டூயட்கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், ஒரு ரீலாவது அவர் தோற்ற கணக்கைக் காட்டுங்கள். எவ்வளவு கடன், யார் கொடுத்தது, எந்தப் பட்டறையில் கடைந்தது, எத்தனை தடவை உடைந்தது.

டிக்கெட் காசை அந்த ஒரு ரீலுக்கே கொடுத்துவிடலாம்.