வெளிச்சத்தைத் திருத்துங்கள், ஆளைத் திருத்தாதீர்கள்!



போன தை மாதம் எங்கள் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். பிறகு ஒரு நாள், "ஆல்பம் அட்டை டிசைன் பண்றோம், வந்து பாருங்க" என்று ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. பெரியப்பாவோடு நானும் ஓடினேன்.

அங்கிருந்த அண்ணன் போட்டோஷாப்பில் வேலை செய்ததைப் பார்த்தால் மந்திரம் மாதிரி இருந்தது. அதில் 'லேயர்' என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல. அடியில் பனிமலை, அதன்மேல் அக்காவும் மாமாவும், அதற்கும் மேலே பூவும் எழுத்தும். மண்டபத்துச் சுவரும் பிளாஸ்டிக் நாற்காலியும் காணாமலே போய்விட்டன.

பிறகு அவர் என்னைப் பார்த்து, "பாப்பா, அக்காவுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திரலாமா?" என்று கேட்டார். நானும் சந்தோஷமாக, "ஏத்துங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். முகத்தை மட்டும் செலக்ட் செய்து ஒரு கோட்டை மேலே இழுத்தார். அக்கா சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டாள். சின்ன வயசில் பம்புசெட்டில் விழுந்து தாடையில் ஏற்பட்ட தழும்பு ஒன்று உண்டு. பக்கத்துத் தோலை எடுத்து அதன்மேல் ஒட்டினார். தழும்பும் போச்சு.

ஆல்பம் வீட்டுக்கு வந்தது. அப்பத்தா அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை தெரியுறாரு, பொண்ணு யாருடி?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். ஆனால் ராத்திரி அவள் அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மாலை பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குக் கலர் ஏற்ற மறந்துவிட்டார்கள். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். "நான் இப்படி இருந்திருந்தாத்தான் நல்லா இருந்திருக்கும்னு நீயும் நெனச்சியாடி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இதை நம் கணினி சாரிடம் சொன்னேன். அவர் சில விஷயங்கள் சொன்னார். போட்டோஷாப்பை உருவாக்கியவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர்கள். 1990இல் அது விற்பனைக்கு வந்தது. 1994 ஜூனில் அமெரிக்காவின் டைம் பத்திரிகை, கொலை வழக்கில் கைதான ஓ.ஜே. சிம்ப்சன் என்ற கறுப்பின விளையாட்டு வீரரின் படத்தை இன்னும் கறுப்பாக்கி அட்டையில் போட்டது. அதே படத்தை நியூஸ்வீக் பத்திரிகை கறுப்பாக்காமல் போட்டதால் குட்டு வெளிப்பட்டது. தீர்ப்புக்கு முன்பே அவரைக் குற்றவாளி போலக் காட்டிவிட்டார்கள் என்று பலரும் கண்டித்தார்கள்.

கவனியுங்கள் நண்பர்களே! கெட்டவனாகக் காட்டக் கறுப்பு, அழகாகக் காட்ட வெளுப்பு. அங்கேயும் இங்கேயும் அந்தக் கோட்டை இழுப்பது ஒரே எண்ணம்தான்.

"கல்யாண ஆல்பம்தானே, அழகா இருந்துட்டுப் போகட்டுமே" என்று சிலர் கேட்கலாம். நான் மென்பொருளுக்கு எதிரி இல்லை. ராத்திரி மண்டபத்து விளக்கில் எல்லார் முகமும் மஞ்சளாக விழும். அந்த மஞ்சளை எடுப்பது சரி. எங்கள் தாத்தாவின் கிழிந்துபோன ஒரே போட்டோவைச் சேர்த்துக் கொடுத்ததும் இதே மென்பொருள்தான். அது உதவி. உள்ளதைத் தெளிவாகக் காட்டுவது வேறு, உள்ளதை அழிப்பது வேறு. இருபது வருஷம் கழித்து அக்காவின் பிள்ளை அட்டையைப் பார்த்து, "அம்மா எங்கே?" என்று கேட்கக் கூடாதல்லவா?

நார்வே நாட்டில், விளம்பரப் படத்தில் ஒருவரின் உடல் அளவையோ தோலையோ மாற்றினால் அதைப் படத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நமக்குச் சட்டம் வேண்டாம், மனசு போதும்.

இந்த வருஷ ஆண்டு விழா ஆல்பத்துக்கு நம் கணினி அறையிலேயே, காசில்லாமல் கிடைக்கும் 'கிம்ப்' மென்பொருளில் அட்டை செய்யப் போகிறோம். அதைச் செய்யப் போகும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வெயிலில் கபடி ஆடிய முகங்கள் வெயிலில் ஆடிய மாதிரியே இருக்கட்டும். மலை, பூ, வானவில் எது வேண்டுமானாலும் வையுங்கள். எங்கள் நிறத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். யாராவது "கலர் ஏத்தலாமா?" என்று கேட்டால், நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள்.

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தழும்போடு இருக்கும் அசல் படத்தைப் பிரிண்ட் போட்டு அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். அப்பத்தா பார்த்ததும், "இதான் என் பேத்தி" என்றார்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு