சொகுசுக் கப்பலில் டின்னருக்கு கோட் சூட் கட்டாயமா? மாறும் டிரஸ் கோட்... பின்னணி என்ன?

அட்லாண்டிக் கடலின் நடுவே ஒரு சொகுசுக் கப்பல். மாலை மணி 6. நீச்சல் குளம் அருகே டி-ஷர்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் கேபினுக்குள் போய், கொஞ்ச நேரத்தில் கறுப்பு கோட், போ டை, தரையைத் தொடும் கவுன் என ஆளே மாறி வெளியே வருகிறார்கள். குனார்ட் நிறுவனத்தின் 'குயின் மேரி 2' கப்பலில் நடக்கும் காலா நைட் இப்படித்தான் தொடங்கும்.

கரீபியன் கடலில் இன்னொரு கப்பல். நார்வீஜியன் க்ரூஸ் லைன் நிறுவனத்துடையது. அங்கே ஒருவர் ஜீன்ஸும் சாதாரண சட்டையும் போட்டுக்கொண்டு டின்னருக்குப் போகிறார். வாசலில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ரெண்டுமே சொகுசுக் கப்பல்தான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? கடந்த 25 ஆண்டுகளில் பெரும்பாலான நிறுவனங்கள் கோட் சூட் விதியைத் தளர்த்திவிட்டன. அதனால் கப்பலில் எல்லோரும் சமம் ஆகிவிட்டார்களா? விரிவாகப் பார்க்கலாம்.

இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது?

ராத்திரி சாப்பாட்டுக்குத் தனியாக உடை மாற்றுவது கப்பலில் பிறந்த வழக்கம் இல்லை. பிரிட்டனின் பணக்கார வீடுகளில் இருந்த பழக்கம் அது. அந்தக் குடும்பங்கள் கப்பல் ஏறியபோது பழக்கமும் கூடவே ஏறியது.

அப்போது கப்பல் என்பது ஊர் போய்ச் சேருவதற்கான வாகனம். குனார்டின் முதல் அட்லாண்டிக் கப்பலான 'பிரிட்டானியா' 1840-ல் லிவர்பூலில் இருந்து புறப்பட்டபோது, அதன் முக்கிய வேலையே தபால் கொண்டு போவதுதான். பின்னாளில் வந்த பெரிய கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என மூன்று உலகங்கள் இருந்தன. சாப்பாட்டுக் கூடம் தனி, மேல்தளம் தனி, படிக்கட்டும் தனி.

பிழைப்பு தேடி அமெரிக்கா போன மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு டின்னர் உடை என்ற பேச்சே கிடையாது. முதல் வகுப்பில் அது எழுதாத சட்டம். 1912-ல் டைட்டானிக் மூழ்கிக்கொண்டிருந்தபோது, அதில் இருந்த அமெரிக்கத் தொழிலதிபர் பெஞ்சமின் குக்கன்ஹைம் உயிர்காக்கும் அங்கியைக் கழற்றிவிட்டு, மாலை நேர உடைக்கு மாறினார் என்பது பலரும் அறிந்த சம்பவம். அந்த வகுப்பில் உடைக்கு இருந்த இடத்தை அது காட்டுகிறது.

இதிலும் ஒரு சலுகை இருந்தது. பயணத்தின் முதல் நாளும் கடைசி நாளும் யாரும் டின்னருக்கு டிரஸ் பண்ண வேண்டியதில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். முதல் நாள் பெட்டியைப் பிரித்திருக்க மாட்டார்கள். கடைசி நாள் எல்லாவற்றையும் கட்டி வைத்திருப்பார்கள்!

விமானம் வந்தது, கப்பல் மாறியது

1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஜெட் விமான சேவை தொடங்கியது. பல நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ஊர் போக வேண்டியவர்கள் விமானத்துக்கு மாறினார்கள். கப்பல்களுக்கு வேறு பிழைப்பு தேவைப்பட்டது.

அந்த இடத்தில்தான் இன்றைய க்ரூஸ் தொழில் பிறக்கிறது. நார்வீஜியன் 1966-லும், ராயல் கரீபியன் 1968-லும், கார்னிவல் 1972-லும் தொடங்கப்பட்டன. இவர்கள் விற்றது பயணத்தை இல்லை, விடுமுறையை. வகுப்புப் பிரிவினையும் போனது. ஒரே கப்பல், எல்லோருக்கும் பொதுவான சாப்பாட்டுக் கூடம்.

ஆனால் ஃபார்மல் நைட்டை மட்டும் விடவில்லை. அதில் ஒரு கவர்ச்சி இருந்தது. ஜன்னல் இல்லாத, கப்பலிலேயே விலை குறைந்த கேபினில் வந்தவர்கூட ஒரு ராத்திரி கோட் சூட் போட்டு, கேப்டன் விருந்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். முன்னாடி முதல் வகுப்புக்கு மட்டும் இருந்த பகட்டு, நடுத்தரக் குடும்பத்துக்கும் ஒரு நாள் கிடைத்தது. 1977 முதல் ஓடிய 'தி லவ் போட்' என்ற அமெரிக்க டிவி தொடர் இந்த ஆசையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது.

இப்போது எந்தக் கப்பலில் என்ன விதி?

குனார்ட்: இன்றும் கறாரான பட்டியலில் இருப்பது இதுதான். சவுத்தாம்ப்டன் - நியூயார்க் இடையிலான 7 இரவுப் பயணத்தில் வழக்கமாக 2 காலா நைட் இருக்கும். மற்ற நாட்களில் மாலை 6 மணிக்கு மேல் நேர்த்தியான உடை போதும்.

கார்னிவல்: ஃபார்மல் என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'எலிகன்ட் நைட்' என்கிறார்கள். 2 முதல் 5 நாள் பயணத்தில் ஒன்று, 6 நாளுக்கு மேல் போனால் இரண்டு. ஷார்ட்ஸ், தொப்பி, கையில்லாத பனியனோடு ஆண்கள் வரக்கூடாது. கோட் போட்டால் நல்லது, கட்டாயம் இல்லை.

செலிப்ரிட்டி: 2015 இறுதியில் ஃபார்மல் நைட்டுக்கு விடை கொடுத்து 'ஈவினிங் ஷிக்' கொண்டுவந்தது. கோட்டும் டையும் அவரவர் விருப்பம்.

ஹாலந்து அமெரிக்கா: 'ஃபார்மல்' என்பது 'காலா' ஆனது. பிறகு 'டிரஸ்ஸி' ஆனது. பெயர் மாற மாற விதியும் இளகியது.

வைக்கிங்: இதன் கடல் பயணக் கப்பல்கள் 2015-ல் வந்தபோதே ஃபார்மல் நைட் கிடையாது.

விர்ஜின் வாயேஜஸ்: டிரஸ் கோட் இல்லை. ஒரு இரவு மட்டும் எல்லோரும் சிவப்பு உடையில் வந்து கொண்டாடுகிறார்கள்.

ஏன் இந்தத் தளர்வு?

முதல் காரணம், சாப்பாட்டு நேரம். முன்பெல்லாம் டின்னர் இரண்டு பந்தியாக நடக்கும். இந்த நேரம், இந்த மேஜை, பக்கத்தில் இவர்கள் என்று பயணம் முடியும் வரை மாறாது. எல்லோரும் ஒன்றாக உட்காரும்போது எல்லோருக்கும் ஒரே உடை விதி போடுவது சுலபம். 2000-ல் நார்வீஜியன் 'ஃப்ரீஸ்டைல் க்ரூஸிங்' முறையைக் கொண்டுவந்தது. எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும், யாரோடு வேண்டுமானாலும் சாப்பிடலாம். மற்ற நிறுவனங்களும் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தின. 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ராயல் கரீபியனின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' அதிகபட்சம் 7,600 பயணிகளை ஏற்றும். சாப்பிடவே 20-க்கும் மேற்பட்ட இடங்கள். பீட்சா கவுண்டரில் நிற்பவருக்கு போ டை எதுக்கு?

இரண்டாவது, லக்கேஜ். இப்போது பலரும் விமானத்தில் துறைமுக நகரத்துக்குப் போய்த்தான் கப்பல் ஏறுகிறார்கள். 2008 முதல் அமெரிக்க விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக லக்கேஜுக்குத் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கின. ஒரு ராத்திரி போடும் கோட்டுக்கும் ஷூவுக்கும் ஒரு பெட்டிக்கான காசு கொடுப்பதா என்று குடும்பங்கள் யோசித்தன.

மூன்றாவது, அலுவலகம். ஒரு காலத்தில் வேலைக்குப் போகும் ஆணிடம் எப்படியும் ஒரு சூட் இருக்கும். அதை அப்படியே பெட்டியில் வைத்தால் போதும். அலுவலக உடை இளகியது, கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனது. இப்போது ஃபார்மல் நைட்டுக்கென்றே சூட் வாங்க வேண்டும், இல்லையென்றால் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

நான்காவது, வியாபாரம். சர்வதேச க்ரூஸ் நிறுவனங்கள் சங்கத்தின் கணக்குப்படி 2019-ல் 2.97 கோடி பேர் கப்பல் சுற்றுலா போனார்கள். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு 2023-ல் அந்த எண்ணிக்கை 3.17 கோடியைத் தொட்டது. அத்தனை கேபினையும் நிரப்ப வேண்டுமென்றால் இளைஞர்களும், குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் வேண்டும். கோட் இல்லாதவருக்கு இடமில்லை என்று சொல்லி அவர்களை இழுக்க முடியாது.

கப்பலில் நடக்கும் சண்டை

இதில் இரண்டு தரப்பு உண்டு. "நாங்க இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்ததே அந்தப் பாரம்பரியத்துக்காகத்தான். விதி டிக்கெட் போடும்போதே தெரியும். பிடிக்கலைன்னா வேற கப்பல்ல போகலாமே" என்பது ஒரு தரப்பின் வாதம். "லீவுக்கு வந்த இடத்துலயும் கழுத்தை இறுக்கிக்கிட்டு உட்காரணுமா?" என்பது இன்னொரு தரப்பு.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நாலு பேரும் நாலு விதமாக வந்தால் விழா போன்ற அந்த மாலை கலைந்துவிடும். அதே சமயம் விதியின் சுமை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஆண் ஒரே சூட்டை இரண்டு இரவும் போடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். பெண்ணிடம் இரண்டாவது இரவுக்கு வேறு உடை எதிர்பார்க்கப்படுகிறது.

நடுவில் மாட்டிக்கொள்பவர், சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நிற்கும் ஊழியர். விதியைச் சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவருக்குக் கோபம். உள்ளே விட்டால், கோட் போட்டு வந்தவருக்குக் கோபம். கப்பல் ஊழியர்கள் பலரின் வருமானத்தில் பயணிகள் தரும் டிப்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்டவரால் எவ்வளவு கறாராக இருக்க முடியும்? பல கப்பல்களில் விதி காகிதத்தில் ஒன்று, வாசலில் வேறொன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோட் போனது, பாகுபாடு போனதா?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. உடை விதி தளர்ந்த அதே காலத்தில், கப்பலுக்குள் பணக்காரர்களுக்கான தனிப் பகுதிகள் வளர்ந்தன. எம்எஸ்சி நிறுவனம் 2008-ல் 'யாட் கிளப்' தொடங்கியது. நார்வீஜியனில் 'தி ஹேவன்'. இவை கப்பலுக்குள் இன்னொரு கப்பல் மாதிரி. தனி ஓய்வுக்கூடம், தனி உணவகம், தனி நீச்சல் குளம். அந்த கேபின்களின் சாவி அட்டை இருந்தால்தான் கதவு திறக்கும். செலிப்ரிட்டி, ராயல் கரீபியனிலும் சூட் அறைப் பயணிகளுக்கு மட்டுமான உணவகங்கள் உண்டு.

சுருக்கமாகச் சொன்னால், முன்பு வாசலில் உடையைப் பார்த்தார்கள். இப்போது சாவி அட்டையைப் பார்க்கிறார்கள். வாடகைக்கு ஒரு கோட் எடுத்தால் பழைய கதவைத் தாண்டிவிடலாம். புதிய கதவைத் தாண்ட, கேபினுக்கே பல மடங்கு பணம் கட்ட வேண்டும்.

குனார்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. அங்கே எந்த உணவகத்தில் சாப்பிடுவது என்பதை கேபினின் விலைதான் முடிவு செய்கிறது. விலை உயர்ந்த சூட் அறைக்காரர்களுக்கு குயின்ஸ் கிரில், சாதாரண கேபினுக்கு பிரிட்டானியா உணவகம். ஆனால் காலா நைட் அன்று குயின்ஸ் ரூம் நடனக் கூடத்தில் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடலாம். அங்கே கேபின் விலையை யாரும் கேட்பதில்லை, உடை சரியாக இருந்தால் போதும். மேட்டிமையின் அடையாளம் என்று திட்டப்படும் அதே விதி, அந்த ஒரு இரவில் எல்லோரையும் ஒரே கூடத்தில் நிறுத்துகிறது.

வேட்டி, பட்டுப்புடவை கட்டிப் போகலாமா?

சென்னையில் இருந்து 2022 ஜூனில் கோர்டிலியா சொகுசுக் கப்பல் புறப்பட்ட பிறகு, தமிழ்நாட்டிலும் க்ரூஸ் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான்.

ஃபார்மல் நைட் நடத்தும் கப்பல்களில், அந்தந்த நாட்டுப் பாரம்பரிய விழா உடையை ஏற்றுக்கொள்வது பொதுவான வழக்கம். ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் கட்டி வருவது போல, பட்டுப்புடவையும் பந்த்கலாவும் தாராளமாகப் பொருந்தும். பட்டு வேட்டி சட்டையும் அந்தக் கணக்கில்தான் வர வேண்டும். ஆனால் வாசலில் நிற்பவருக்கு வேட்டி என்றால் என்னவென்று தெரியாமல் போகலாம். அதனால் முன்கூட்டியே மெயிலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பிரச்னை புதிதும் இல்லை. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி.ஹரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில் அனுமதிக்கப்படவில்லை. பெரும் சர்ச்சை வெடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கிளப் போன்ற இடங்களில் வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று சட்டப்பேரவையில் சட்டம் நிறைவேறியது. நடுக்கடலில் செல்லும் வெளிநாட்டுக் கப்பலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே கப்பல் நிறுவனத்தின் விதிதான் பேசும்.

டிக்கெட் போடும் முன் கவனிக்க வேண்டியவை

* உங்கள் பயணத்தில் ஃபார்மல் அல்லது காலா இரவுகள் எத்தனை என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஒரே நிறுவனத்தில்கூட பயண நாட்களைப் பொறுத்து எண்ணிக்கை மாறும்.

* அந்த இரவுகளில் டிரஸ் பண்ண விருப்பம் இல்லையா? குயின் மேரி 2-வில்கூட பஃபே உணவகமும் 'கோல்டன் லயன்' பப்பும் திறந்தே இருக்கும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

* கோட் சூட் வாங்குவதை விட, வீட்டில் இருக்கும் விழா உடை பொருந்துமா என்று முதலில் கேளுங்கள்.

* எந்த உணவகம், எந்த நீச்சல் குளம் உங்கள் கேபின் விலைக்குள் வருகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெட்டியில் கோட் இருக்கிறதா என்பதை விட, இன்றைய கப்பலில் அதிகம் கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.