நாடி பார்க்குமா இணையம்?

நம் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று நாயோ பூனையோ வளர்கிறது. மகிழ்ச்சியே. ஆனால் அவற்றுக்கு நோய் வந்தால் பலரும் முதலில் எடுப்பது கைப்பேசியை. இது தகாது என்பது என் கருத்து.

நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடக்கூடும். முகம் தெரியாத ஒருவர் சொன்னார் என்று கொடுக்கலாமா?

நாய் உண்ணாமல் சோர்ந்து கிடந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்; பார்வோ நோயாக இருக்கலாம்; எதையேனும் விழுங்கிக் குடல் அடைத்தும் இருக்கலாம். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, வயிற்றைத் தொட்டு, இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். இணையத்திற்குக் கை ஏது?

கன்னடம் வராதே என்று சிலர் தயங்குகிறார்கள். 1903-இல் தொடங்கி, இன்று சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியை நாம் அறிவோம். இங்கே ஹெப்பாலிலும் 1958 முதல் அத்தகைய கல்லூரி இருக்கிறது. "ஊட்டா மாடல்ல" என்று சொன்னால் போதும், மருத்துவர் புரிந்துகொள்வார்.

இணையத்தில் படிப்பதை நான் குறை கூறவில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைக் குறித்துக்கொள்ள அது உதவும். ஆனால் வெறிநோய்த் தடுப்பூசியை அது போடாது. அந்நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரையும் காப்பது அரிது. நம் குழந்தைகள் கட்டிக்கொண்டு விளையாடும் பிராணிகள் இவை. தடுப்பூசிச் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். நாள் கடந்திருந்தால் உடனே அழைத்துச் செல்லுங்கள்.